கேள்வி – பதில்: வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள்

நகரமைப்புத் துறையைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சொந்த மனையின் அங்கீகாரம் பற்றியவை. அவற்றை வேறோர் இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தத் தொழிலையும் தொழில் செய்பவர்களின் சங்கத்தையும் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுதுபவர், தமிழக நகரமைப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவர். இளமை முதல் சங்க உறுப்பினர்.

கேள்வி: நண்பர் வீட்டில் ஓர் அழைப்பிதழ் பார்த்தேன். ‘இந்திய நகரமைப்பு வல்லுநர்கள் நிறுவனம், தமிழ்நாடு மண்டலக் கிளை’ என்று போட்டிருந்தது. இது அரசு அலுவலகமா? மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பவர்கள் இவர்கள்தானா?
— வாசகர், கும்பகோணம்

இல்லை. ஒப்புதல் கொடுப்பவை சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. என்னும் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்று எல்லாரும் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககமும், அவற்றிடமிருந்து அதிகாரம் பெற்ற உள்ளாட்சி அமைப்புகளும்தான். நீங்கள் பார்த்த அழைப்பிதழ் அந்த அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களும், தனியாகத் தொழில் நடத்துபவர்களும், கல்லூரியில் பாடம் சொல்பவர்களும் சேர்ந்து நடத்தும் தொழில்முறைச் சங்கத்தினுடையது. ஒரு மனையைக்கூட அங்கீகரிக்கவோ நிராகரிக்கவோ அதற்கு உரிமை கிடையாது.

சங்கத்தின் வரலாறு சுருக்கமானதுதான். நாடு விடுதலை பெற்ற கையோடு, 1949இல் ‘இந்திய நகரமைப்பாளர் வாரியம்’ என்ற பெயரில் ஒரு சிறு குழு கூடியது. இரண்டாண்டு உழைப்புக்குப் பிறகு, லண்டனில் இருந்த நகரமைப்பாளர் நிறுவனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1951 ஜூலையில் தில்லியில் இந்த நிறுவனம் தோன்றியது. பின்னர் மாநிலந்தோறும் மண்டலக் கிளைகள் வந்தன. ஆண்டுக்கொரு தேசிய மாநாடு, ஓர் ஆய்விதழ், உறுப்பினர் தகுதிக்கான தேர்வு, நவம்பர் 8 அன்று உலக நகரமைப்பு நாள் விழா, கிளைகளில் நடக்கும் தொழில்நுட்பச் சொற்பொழிவுகள் என்று அதன் வேலை ஓடுகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் தமிழில் எழுதினால் ‘ஐ.டி.பி.ஐ.’ என்று வரும். அதைச் சொன்னால் வங்கியில் கடன் வாங்கித் தர முடியுமா என்று கேட்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

கூட்டம் போட்டுக் கலைவதோடு நின்றுவிட்ட அமைப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். நகரத் திட்டங்களை எப்படித் தயாரிப்பது, எத்தனை பேருக்கு எவ்வளவு பூங்கா, எத்தனை பள்ளி என்பதற்கெல்லாம் மத்திய அரசு 1996இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளைத் தயாரித்துக் கொடுத்தது இந்த நிறுவனத்தின் ஆய்வு மையம்தான். 2015இல் புதிய நெறிமுறைகள் வரும்வரை எங்கள் மேசைகளில் அந்தத் தொகுதிதான் கிடந்தது. சட்டத்தின் அதிகாரம் கையில் இல்லாத ஒரு சங்கம், சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் எதைப் பார்த்து எழுத வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தது. எனக்கு அதில் இன்றும் ஒரு பெருமை உண்டு.

கேள்வி: நகரமைப்புப் படிக்க விரும்புகிறேன். வீட்டில் ‘சிவில் எடு, அதுதான் நிச்சயம்’ என்கிறார்கள். உறுப்பினர் ஆவது எப்படி? வேலை உண்டா?
— பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

வீட்டில் சொல்வதிலும் தவறில்லை. சிவில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர்கள்தான் தமிழகத்தில் மிகுதி. பொறியியலோ கட்டடக் கலையோ முடித்தபின், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். புவியியல், பொருளியல் போன்றவற்றை முதுநிலை வரை படித்தவர்களும் இத்துறைக்கு வருவதுண்டு. பள்ளி முடித்த உடனே வர வேண்டுமென்றால் நான்காண்டு இளநிலைத் திட்டமிடல் படிப்பு இருக்கிறது. தில்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் உள்ள மத்தியத் திட்டமிடல் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கென்றே உள்ள தாளை எழுத வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் நேரடியாகவும், மற்றவர்கள் நிறுவனம் நடத்தும் தேர்வை எழுதியும் இணை உறுப்பினர் ஆகலாம். பகலில் வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தேர்வை எழுதித் தேறியவர்கள் பலர். நகராட்சியில் வரைவாளராகச் சேர்ந்து, அந்த வழியில் படிப்படியாக உயர்ந்தவர்களும் எங்களிடையே இருந்தார்கள்.

அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவி இயக்குநர் பதவி உண்டு; சி.எம்.டி.ஏ. தனியாக ஆள் எடுக்கிறது. தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது, ஆனால் அங்கே கணினி வரைபட மென்பொருளில் கை தேர்ந்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலகத்துக்கு ஊதா, பொதுக் கட்டடங்களுக்குச் சிவப்பு என்று வண்ணப் பென்சிலால் ஒரே சீராகத் தீட்டத் தெரிந்தால் போதும். வரைபடத்துக்கு நகல் எடுத்த அம்மோனியா பிரிண்ட் அறையின் நெடி இன்னும் மூக்கில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நகராட்சியில் ‘டி.பி.ஐ.’ என்று மக்கள் அழைக்கும் நகரமைப்பு ஆய்வாளரைத்தான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் என்ன படித்திருந்தாலும், திருமண வீட்டில் உங்களைப் பார்ப்பவர் முதலில் கேட்கப்போவது, ‘மாடியில் ஒரு ரூம் எடுக்கணும், ப்ளான் பாஸ் பண்ணித் தருவீங்களா?’ என்பதுதான்.

கேள்வி: கட்டடக் கலைஞர்களான எங்களுக்குச் சட்டப்படி அமைந்த மன்றம் இருக்கிறது. அதில் பதிவு செய்யாதவர் தன்னைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நகரமைப்பாளர்கள் எழுபது ஆண்டுகளாகச் சங்கம் வைத்திருந்தும் அப்படி ஒன்றை ஏன் பெற முடியவில்லை?
— கட்டடக் கலைஞர், கோயம்புத்தூர்

குத்திக் கேட்டிருக்கிறீர்கள், குத்தும் நியாயமான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கட்டடக் கலைஞர்கள் சட்டம் 1972இல் வந்தது. எங்களுக்கு இன்றுவரை அப்படி ஒரு சட்டம் இல்லை. எந்தத் தகுதியும் இல்லாத ஒருவர் பலகையில் ‘நகரமைப்பு ஆலோசகர்’ என்று எழுதி மாட்டிக்கொண்டால், தடுக்கும் அதிகாரம் எங்கள் சங்கத்துக்குக் கிடையாது. உறுப்பினராக இருந்தால் நீக்கலாம், அவ்வளவே.

காரணத்தை வெளியில் மட்டும் தேடிப் பயனில்லை. நகரமைப்பாளர் யார் என்ற கேள்விக்கு எங்களுக்குள்ளேயே ஒரே விடை இருந்ததில்லை. பொறியாளர் சாலையைப் பார்ப்பார். கட்டடக் கலைஞர் முகப்பைப் பார்ப்பார். புவியியலாளர் நீரோட்டத்தைப் பார்ப்பார். பொருளியல் படித்தவர் ஊர் எதனால் பிழைக்கிறது என்று கேட்பார். இவர்கள் எல்லாரும் வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அழகு; இவர்களில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதே சட்டம் கேட்டுப் போகும்போதெல்லாம் முட்டுக்கட்டை. இதற்கிடையில், உங்கள் சட்டம் காப்பது பட்டப் பெயரைத்தானே தவிர அந்தத் தொழிலைச் செய்யும் உரிமையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்ததையும் நினைவூட்டுகிறேன். ஆகவே மன்றம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வர வேண்டும்.

நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், நகரமைப்பாளர்களுக்குச் சட்டப்படியான தேசிய மன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டில் உள்ள 7,933 நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு ‘மாஸ்டர் பிளான்’ எனும் முழுமைத் திட்டமே இல்லை என்றும், 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவைப்படும்போது மாநிலத் துறைகளில் ஒப்பளிக்கப்பட்டவை 3,945தான், அவற்றிலும் 42 சதவீதம் காலி என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மன்றம் வந்தால் யார் தகுதியானவர் என்பது தெளிவாகும். ஆனால் தகுதியானவரை உட்காரவைக்க நாற்காலி வேண்டுமே. நான் பணியில் இருந்தபோது இரண்டு மாவட்டங்களைச் சேர்த்துப் பார்த்த காலம் உண்டு. திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே; கோப்புகள் ஜீப்பின் பின்னிருக்கையில் பயணம் செய்யும்.

கேள்வி: நகரமைப்பு நாள் கூட்டம் ஒன்றில் ‘பேட்ரிக் கெடிஸ்’ என்ற பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவருக்கும் நம் ஊர்களுக்கும் என்ன உறவு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

அவர் ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இங்கு வந்தார். நகரங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த வரைபடங்களையும் படங்களையும் கண்காட்சியாக வைப்பதற்காகத் தனிக் கப்பலில் அனுப்பியிருந்தார். ‘கிளான் கிராண்ட்’ என்ற அந்தக் கப்பலைக் கடலில் மூழ்கடித்தது வேறு எதுவுமில்லை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்தான். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த எம்டன் நகரமைப்புக்கும் ஒரு நட்டத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

பிறகு அவர் மாகாணத்து ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, நேர்கோட்டில் அகலமான தெருக்களை வெட்டிவிடலாம் என்ற திட்டம் அவரிடம் வந்தது. அதன்படி எத்தனையோ வீடுகள் இடிபட வேண்டும். கெடிஸ் அதை ஏற்கவில்லை. பாழடைந்து கிடந்த வீட்டு மனைகளை மட்டும் எடுத்து, வளைந்த சந்துகளை அங்கங்கே சற்று அகலப்படுத்தி, ஒரு மரமும் திண்ணையும் உள்ள சிறு திடல்களாக்கினால் போதும் என்றார். குறைந்த செலவு, குறைந்த கண்ணீர். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதங்களின் பெயரால் அமைந்த தெருக்களில் சாமி ஊர்வலம் போகும் ஊரில் இருக்கும் உங்களுக்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில்தான் இன்று நாம் பின்பற்றும் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. கூட்டங்களில் கெடிஸ் பெயரைச் சொல்லுகிற அளவுக்கு, கோப்பு எழுதும்போது அவரை நினைக்கிறோமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஊரைச் சுற்றி வயலெல்லாம் கல் நட்டு மனையாக விற்றபோது உங்கள் சங்கம் எங்கே போயிருந்தது?
— விவசாயி, ஆத்தூர்

சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருந்தது என்று நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் விற்பனை நடந்த ஆண்டுகளில், இது நாளைக்குச் சாலை இல்லாத, சாக்கடை இல்லாத, மழை வந்தால் படகு வேண்டிய ஊர்களைத்தான் உருவாக்கும் என்று எங்கள் கூட்டங்களில் பலரும் பேசினார்கள். அது வெளியே கேட்கவில்லை. கதவு திறந்தது நீதிமன்றத்தால்: 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன.

சங்கம் உரக்கப் பேசாததற்கு ஒரு காரணத்தை யாரும் மேடையில் சொல்லமாட்டார்கள். உறுப்பினர்களில் பெரும்பகுதி அரசு ஊழியர்கள். அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்க 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இடம் கொடுக்கவில்லை. காலையில் எந்தக் கோப்பில் கையெழுத்திட்டாரோ அதைப் பற்றி மாலையில் சங்க மேடையில் குறை சொல்ல ஒருவரால் எப்படி முடியும்? ஓய்வு பெற்றவர்களும் தனியார் தொழில் செய்பவர்களும் அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டும். தனியார் தொழில் செய்பவருக்கோ மறுநாள் அதே அலுவலகத்தில் வேலை ஆக வேண்டும். எஞ்சியது நாங்கள், ஓய்வூதியக்காரர்கள். நாங்களும் போதுமான அளவு பேசவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அண்மையில் பணியில் சேர்ந்தேன். சங்கத்தில் உறுப்பினர் ஆகச் சொல்கிறார்கள். மாதம் ஒரு மாலை, டீ, சமோசா, நன்றியுரை என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?
— பெயர் வெளியிட விரும்பாத இளம் அலுவலர்

சமோசா பல நேரம் ஆறிப்போயும் இருக்கும். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன்.

பணியில் சேர்ந்த மூன்றாவது ஆண்டில், ஒரு சிறு நகரத்துக்கு முழுமைத் திட்ட வரைவைத் தயாரிக்கும் குழுவில் இருந்தேன். ஊருக்குள் லாரிகள் வராமல் தடுக்க, மேற்கே ஒரு புறவழிச் சாலையை எண்பது அடி அகலத்தில் போட்டிருந்தேன். வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்தக் கோடு. ஒரு வீடும் இடிபடவில்லை, ஒரு கோயிலும் குறுக்கே இல்லை. மண்டலக் கிளைக் கூட்டத்தில் இளைஞர்கள் தங்கள் வேலையைக் காட்டலாம் என்றதும், அதை எடுத்துச் சென்று பலகையில் குண்டூசி குத்தி மாட்டினேன். பதினைந்து நிமிடம் பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் எழுந்து முன்னே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த சர்வே நம்பருக்கு அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கு?” என்றார். ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு அது. நான் பார்த்திருக்கவில்லை. “புறம்போக்கு, சார்” என்று சமாளித்தேன். “புறம்போக்கு சரி; என்ன புறம்போக்கு?”

அடுத்த சனிக்கிழமை அவரும் நானும் பேருந்தில் அந்த ஊருக்குப் போனோம். கோடையில் வண்டிப்பாதை போலக் காய்ந்து கிடந்தது அது. மேலே நடந்து போனால், ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்கில் முடிந்தது. கீழே நடந்தால் அடுத்த ஊர் ஏரியில் சேர்ந்தது. வீடு ஒன்றும் குறுக்கே இல்லாததற்குக் காரணம், அங்கே தண்ணீர் வரும் என்று ஊராருக்குத் தெரிந்திருந்ததுதான். நான் போட்டிருந்தது சாலை அல்ல, இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஓர் அணை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஐப்பசியில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தம் முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். கோட்டை மேட்டுப் பக்கமாக நகர்த்தினோம். என் அலுவலகத்தில் அந்த வரைவை நான்கு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். நால்வரும் என்னைப் போலவே மேசையில் இருந்துதான் பார்த்திருந்தார்கள்.

உங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று சொன்னால் அது உங்கள் குறிப்பேட்டில் ஏறும். கூட்டத்தில் சொன்னால் யாராவது சனிக்கிழமை உங்களோடு பேருந்து ஏறுவார்கள். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு பரப்பிலும் எத்தனை கலிங்குகள், எத்தனை காய்ந்த வாய்க்கால்கள் என்று எண்ணிப் பாருங்கள். செயற்கைக்கோள் படம் அவற்றில் பலவற்றைக் காட்டும்; எது ஐப்பசியில் ஓடும் என்று காட்டாது. உறுப்பினர் ஆகிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்தின் நடுவே புதிய சாலை வருவதாக வரைவுத் திட்டத்தில் காட்டியிருக்கிறார்களாம். சங்கத்தில் மனுக் கொடுத்தால் மாற்றுவார்களா?
— வாசகர், ஒசூர்

சங்கத்தால் மாற்ற முடியாது. வரைவுத் திட்டங்கள் மீது சங்கமும் தன் கருத்தை எழுதி அனுப்பலாம்; அது பொதுவான கருத்தாக இருக்குமே தவிர உங்கள் சர்வே எண்ணுக்காக வாதாடாது. வாதாட வேண்டியவர் நீங்கள், அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. முழுமைத் திட்டத்தின் வரைவு அரசிதழில் அறிவிக்கப்பட்டபின், ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். திட்டத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்தை, அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், இப்போதைய நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்சேப மனுக்களை நூற்றுக்கணக்கில் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘ஏழை விவசாயி வயிற்றில் அடிக்காதீர்கள்’ என்று நான்கு பக்கம் எழுதி, சர்வே எண்ணை எழுத மறந்த மனுக்கள் ஏராளம். அவற்றைப் படிக்கும்போது மனம் கனக்கும், ஆனால் வரைபடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஒருமுறை ஒரு பாட்டி மஞ்சள் பையில் முப்பது வருட வீட்டு வரி ரசீதுகளை வரிசையாக நூலில் கோத்துக் கொண்டுவந்தார். வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் கோடு அவர் வீட்டின் மேல் போவது அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். நிலத்தின் எல்லைகளை அளந்து காட்டும் புலப்படத்தின் நகலில், சாலை எந்த இடத்தில் நுழைந்து எந்த இடத்தில் வெளியேறுகிறது என்பதைச் சிவப்பு மையால் குறித்து இணையுங்கள். கிணறு, ஆழ்துளைக் குழாய், கட்டடம் எதுவாக இருந்தாலும் படத்தில் காட்டுங்கள். சாலையை எங்கே தள்ளினால் எல்லாருக்கும் சேதம் குறையும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஊரில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். நேரில் கொடுத்து முத்திரை வாங்குவது நல்லது. தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.